நன்றி சொல்ல வாய் வராத ஞாயிறு: வாசகர் கேள்வி–பதில்

இந்த மாதக் கடிதங்களில் ஆளுக்கொரு கேள்வி இருந்தாலும் எல்லாமே நன்றி என்ற ஒரு சொல்லைச் சுற்றித்தான் வருகின்றன. நான் இறையியல் படித்தவள் அல்ல. 26 ஆண்டுகள் மறைக்கல்வி வகுப்பு எடுத்தேன். இப்போது ஒன்பது ஆண்டுகளாக, கோவிலுக்கு வர முடியாத நோயாளிகளின் வீடுகளுக்கு நற்கருணை (பூசையில் அர்ப்பணித்த அப்பம்) கொண்டுபோகிறேன். அந்த அனுபவத்திலிருந்துதான் பதில் சொல்கிறேன். சட்டம் பற்றிய இடங்களில் திருச்சபைச் சட்டநூலைப் பார்த்து எழுதியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் போடவில்லை.

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. இரண்டு ஆண்டுகளாகச் சிறுநீரக நோய். நவநாள், நோன்பு, செபமாலை எல்லாம் செய்துவிட்டோம், குணமாகவில்லை. எங்கள் பங்கில் (எங்கள் ஊர்க் கோவில் சமூகத்தில்) மாதக் கடைசி ஞாயிறு நன்றித் திருப்பலி, அதாவது நன்றிப் பூசை, நடக்கிறது. "கேட்டேன், கிடைத்தது" என்று ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்கிறார்கள். நான் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறேன். நன்றி என்று வாய் திறந்தால் பொய் சொல்வதுபோல் இருக்கிறது. கொஞ்ச நாள் கோவிலுக்குப் போகாமல் இருந்தால் பாவமா? (ஒரு தாய்)

சகோதரி, கடிதத்தில் மகனுடைய பெயரை எழுதியிருந்தீர்கள். இன்று காலைத் திருப்பலியில் அந்தப் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டேன்.

பாவமா என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில், அந்தப் பொய்யைச் சொல்லாதீர்கள். கடவுள் அதை உங்களிடம் கேட்கவே இல்லை. எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறுங்கள் என்று தெசலோனிக்கருக்குப் பவுல் எழுதினார். சூழ்நிலை'யிலும்' என்கிறார், சூழ்நிலைக்'காக' என்று சொல்லவில்லை. மகனுடைய நோய்க்காக ஒரு தாய் நன்றி சொல்ல வேண்டும் என்று நான் எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுத்ததில்லை. எபேசியர் திருமுகத்தில் 'எல்லாவற்றிற்காகவும்' என்று இருக்கிறதே என்று யாராவது உங்களிடம் எடுத்துக்காட்டலாம். இருக்கிறது. ஆனால் இயேசு தம்மிடம் வந்த நோயாளிகளைக் குணமாக்கினார். நோயை நல்லது என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. அவர் நல்லது என்று சொல்லாத ஒன்றுக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

திருப்பாடல் 88-ஐ ஒருமுறை முழுதாக வாசியுங்கள். மற்றப் புலம்பல் பாடல்களில் பெரும்பாலானவை கடைசியில் எப்படியாவது நம்பிக்கைக்கோ புகழ்ச்சிக்கோ திரும்பிவிடும். இது திரும்பாது. கதறலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஆனாலும் இதைத் திருச்சபை ஒதுக்கி வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவுச் செபத்துக்கு இந்தப் பாடலைத்தான் வைத்திருக்கிறது. வாரத்தில் ஒரு நாளாவது, நன்றி என்ற சொல்லே இல்லாத ஒரு செபத்தைச் சொல்லிவிட்டுக் குருக்களும் துறவிகளும் தூங்கப் போகிறார்கள். உங்களை மாதிரித் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பவர்களுடைய செபமும் திருச்சபையின் செபம்தான்.

இன்னொன்று. நற்கருணையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு நன்றி செலுத்துதல் என்றுதான் பொருள். அந்த நன்றியை இயேசு எப்போது செலுத்தினார்? தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில். கேட்டது கிடைத்த பிறகு அல்ல. சில மணி நேரம் கழித்துத் தோட்டத்தில், இந்தத் துன்பக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும் என்று கேட்கப் போகிறார், அது அகலவும் இல்லை. நாம் ஒவ்வொரு ஞாயிறும் கலந்துகொள்வது அந்த இரவின் நன்றியில்தான். கேட்டது கிடைத்தவர்களுக்கு மட்டும் உரிய இடமாகக் கோவிலை நினைத்துவிடாதீர்கள்.

என் கதையையும் சொல்கிறேன். என் கணவர் ஏழு வாரம் மருத்துவமனையில் இருந்து இறந்துபோனார். அதன் பிறகு ஐந்து மாதம் நான் கோவிலில் கடைசி வரிசையில், தூணை ஒட்டி உட்கார்ந்தேன். பிள்ளைகளுக்குப் பதிலுரை சொல்லிக்கொடுத்தவள், ஒரு பதிலுரைகூடச் சொல்லவில்லை. "இறைவனாகிய ஆண்டவருக்கு நன்றி கூறுவோம்" என்று குருவானவர் சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மா உட்காருவார். பெயர்கூடத் தெரியாது. "அது தகுதியும் நீதியும் ஆனதே" என்று அவர் சொல்வது நான்கு வரிசை தாண்டிக் கேட்கும். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்தக் குரலுக்காகவே அந்த இடத்தைத் தேடி உட்கார்ந்தேன். ஒரு ஞாயிறு, அவர் சொல்லும்போது என் உதடும் அசைந்தது. அவ்வளவுதான், சத்தம் வரவில்லை. சத்தம் வர இன்னும் சில வாரம் ஆயிற்று.

ரொம்ப நாள் கழித்து அவரிடம் சொன்னேன், "அக்கா, எனக்காகத்தான் நீங்க அவ்வளவு சத்தமா சொல்றீங்கன்னு நினைச்சேன்" என்று. அவர் என் வாயையே உற்றுப் பார்த்துவிட்டு, "எனக்குக் காது சரியாக் கேக்காதும்மா, அதான்" என்றார். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை, நான் வாய் திறக்காததும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் அந்த ஐந்து மாதமும் எனக்கும் சேர்த்து நன்றி சொன்னவர் அவர்தான்.

திருப்பலியில் அந்த இடத்தில் 'கூறுவேன்' என்று இல்லை, 'கூறுவோம்' என்றுதான் இருக்கிறது. அது ஒரு கூட்டத்தின் நன்றி. அதில் இன்று பத்துப் பேர் வாய் திறக்காவிட்டாலும் அது நிற்காது. உங்கள் பங்கும் உங்களைச் சேர்த்துத்தான் 'வோம்' என்கிறது.

சரி, பாவமா என்று கேட்டீர்கள். மகனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் வர முடியாத ஞாயிறு பாவம் அல்ல. நோயாளியைக் கவனிப்பது திருச்சபை ஏற்கும் காரணம். ஆனால் நன்றி வரவில்லை என்பதற்காக மட்டும் வராமல் இருக்காதீர்கள். வாயை மூடிக்கொண்டு வாருங்கள். சாட்சி சொல்லும் அந்த ஒரு ஞாயிறு தாங்க முடியவில்லை என்றால், அன்று வேறு நேரத் திருப்பலிக்குப் போங்கள். பங்குத்தந்தையிடம் இரண்டு காரியம் கேளுங்கள். ஒன்று, அந்த நன்றித் திருப்பலியின் மன்றாட்டுகளில், இன்னும் கேட்டுக்கொண்டே இருப்பவர்களுக்காகவும் ஒரு மன்றாட்டுச் சேர்க்கும்படி. உங்கள் வரிசையிலேயே இன்னும் சிலர் அதற்காகக் காத்திருப்பார்கள். இன்னொன்று, உங்கள் மகனுக்கு நோயில் பூசுதல் (குருவானவர் நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்கு) கொடுக்கும்படி. அது கடைசி மூச்சுக்கு மட்டும் உரியது என்று பலர் இன்னும் பயப்படுகிறார்கள். நோயால் ஆபத்து தொடங்கும்போதே பெறலாம், நோய் கடுமையானால் மறுபடியும் பெறலாம்.

கேள்வி: எங்கள் பங்குத் திருவிழாவில் நன்கொடை தந்தவர்களின் பெயரைத் தொகை வரிசையில் ஒலிபெருக்கியில் வாசிக்கிறோம். பெரிய தொகை முதலில். எனக்கு மனசு ஒப்பவில்லை. வாசிக்காவிட்டால் அடுத்த ஆண்டு யாரும் தரமாட்டார்கள் என்கிறார்கள். (பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர்)

நிறுத்துங்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு உறுதி என்றால், இதே தவறை நானே செய்திருக்கிறேன். 14 ஆண்டுகளுக்கு முன் எங்கள் கோவிலின் கூரை வேலை முடிந்தபோது நன்றியுரை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. ரசீதுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தொகை வரிசையில் எழுதி, நானே வாசித்தேன். வேலை நடந்த ஏழு மாதமும் விடியற்காலையில் வந்து, முந்தின நாள் விழுந்த சுண்ணாம்பையும் தூசியையும் கூட்டித் துடைத்து, காலைப் பூசைக்குக் கோவிலைத் தயார் செய்த ஒரு பாட்டி இருந்தார். ரசீதுப் புத்தகத்தில் அவர் இல்லை, அதனால் என் நன்றியுரையிலும் இல்லை. வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. காலையில் போனால் அவர் வழக்கம்போலக் கூட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு எதுக்கும்மா பேரு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எங்க வீட்டுக்காரரு பேரச் சொல்லியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன். இந்தப் பெஞ்செல்லாம் அவரு செஞ்சதுதான்" என்றார். நான் அந்தப் பெஞ்சுகளில் எத்தனையோ ஆண்டுகளாக உட்கார்ந்தவள். யார் செய்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

காணிக்கைப் பெட்டியில் இரண்டு செப்புக் காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணை இயேசு கவனித்தார். கவனித்ததைத் தம் சீடர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். கோவிலில் உரக்க அறிவிக்கவில்லை. பொன் மோதிரம் போட்டவருக்கு நல்ல இருக்கை, ஏழைக்குக் கால்மாட்டில் இடம் என்று பிரிக்கிறவர்களை யாக்கோபு தம் திருமுகத்தில் கண்டிக்கிறார். ஒலிபெருக்கியில் தொகை வரிசை வாசிப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கணக்கை வாசிப்பது வேறு. அதைக் கட்டாயம் செய்யுங்கள். மக்கள் தந்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 1287-ஆம் எண்ணில் சொல்கிறது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்று 537-ஆம் எண் சொல்கிறது. மொத்த வரவு, மொத்தச் செலவு, கையிருப்பு, எந்த வேலைக்கு எவ்வளவு. இதைத் தெளிவாக வாசித்துப் பாருங்கள். அடுத்த ஆண்டு யாரும் தரமாட்டார்கள் என்ற பயம் பாதி குறைந்துவிடும். தந்தவர்கள் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் தொகை இல்லாமல் அகர வரிசையில் சொல்லுங்கள். உழைத்தவர்கள் பெயரையும் அதே வரிசையில் கலந்து சொல்லுங்கள்.

பேரவைக் கூட்டத்தில் இதையும் எடுத்துச் சொல்லுங்கள். ஞாயிறுதோறும், கடன் திருநாள்தோறும் (ஞாயிறு போலவே பூசைக்குப் போக வேண்டிய திருநாள்) பங்குத்தந்தை தம் பொறுப்பில் உள்ள மக்களுக்காக ஒரு திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கடமைப்பட்டவர் (சட்ட எண் 534). அதற்குக் காணிக்கை கிடையாது, பட்டியல் கிடையாது. ஒன்றுமே தராதவரும் அதற்குள் இருக்கிறார்.

கேள்வி: மகள் தேர்ச்சி பெற்றதற்கு நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்க ஆசை. காணிக்கை கொடுக்க இப்போது கையில் ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு போய்க் கேட்கலாமா?

தாராளமாகக் கேளுங்கள். காணிக்கை பெறாவிட்டாலும் மக்களின் வேண்டுதலுக்காக, அதிலும் ஏழைகளின் வேண்டுதலுக்காக, திருப்பலி ஒப்புக்கொடுக்கும்படி குருக்களைச் சட்டம் அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறது (எண் 945). திருப்பலிக் காணிக்கையில் வணிகத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது என்று அடுத்துவரும் 947-ஆம் எண் சொல்கிறது. அலுவலகத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தால் பூசை முடிந்ததும் ஃபாதரிடம் நேரில் சொல்லுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: வேலை மாற்றலாகிப் புதிய பங்குக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. ஞாயிறு தவறாமல் போகிறேன். இதுவரை ஒருவர்கூட என்னிடம் பேசவில்லை. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது கும்பிடுகிறார்கள், கண்ணைப் பார்ப்பதில்லை. பழைய பங்கை நினைத்தால் அழுகை வருகிறது. (ஓர் இளைஞர்)

தம்பி, இது உங்கள் தவறு அல்ல, எங்கள் தவறு. என்னைப் போலப் பல ஆண்டுகளாக ஒரே பங்கில் இருப்பவர்களின் தவறு. நாங்கள் பூசை முடிந்ததும் தெரிந்தவர்களைத் தேடிப் போய் நின்றுவிடுகிறோம். வாசலில் கூட்டம் கூட்டமாக நின்று பேசுவோம். அந்தக் கூட்டத்தின் முதுகுதான் புதிதாக வருகிறவருக்குத் தெரியும்.

கி.பி. 155 வாக்கில் புனித ஜஸ்டின் உரோமைப் பேரரசருக்கு எழுதிய விளக்கத்தில் ஞாயிறு வழிபாட்டை விவரிக்கிறார். வாசகம், மறையுரை, மன்றாட்டு, அப்பமும் இரசமும், நன்றிச் செபம், மக்கள் சொல்லும் ஆமென். நம் திருப்பலியை அடையாளம் கண்டுகொள்ளலாம். முடிவில், வர முடியாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணை கொண்டுபோகிறார்கள். வசதி உள்ளவர்கள் மனமுவந்து தருவது தலைவரிடம் சேர்கிறது. அதிலிருந்து அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள் ஆகியோரோடு இன்னொருவருக்கும் உதவி போகிறது: வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அந்நியர். அந்தப் பட்டியலில் உங்களுக்கு முதலிலிருந்தே இடம் இருக்கிறது. இதை இங்கே எழுதுவது முக்கியமாக என் வயதுக்காரர்கள் படிக்க வேண்டும் என்றுதான்.

நாங்கள் மாறும்வரை நீங்கள் செய்யக்கூடியது: ஒரே நேரத் திருப்பலிக்கு, ஒரே இடத்தில் போய் உட்காருங்கள். முகம் பழகும். பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். பூசைக்கு முன் கோவிலில் இருப்பவர்களுக்குக் கை நிறைய வேலை இருக்கும், பெஞ்சு நகர்த்த ஒரு கை கேட்பார்கள். சேர்ந்து பெஞ்சு தூக்கியவர்கள் பெயர் கேட்காமல் போவதில்லை. பங்கு அலுவலகத்தில் உங்கள் பெயரைப் பதிந்து, உங்கள் பகுதி அன்பியம் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீட்டில் கூடிச் செபிக்கும் குழு) என்றைக்குக் கூடுகிறது என்று கேளுங்கள். கோவிலில் நானூறு பேருக்கு நடுவில் ஒளிந்துகொள்ளலாம். ஒரு வீட்டில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து இறைவார்த்தை வாசிக்கும்போது ஒளிய முடியாது. உங்களையும் ஒரு வசனம் வாசிக்கச் சொல்வார்கள்.

நான் நற்கருணை கொண்டுபோகும் ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் இருக்கிறார். (குருக்கள் அல்லாத பொதுநிலையினர் இப்படிக் கொண்டுபோக, திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில், 1973-இல் அனுமதி வந்தது. அதனால்தான் என்னால் அந்த வீட்டுக்குப் போக முடிகிறது.) செபம் முடிந்ததும் அவர் என்னிடம் வாராவாரம் கேட்பது ஒன்றுதான்: "என் இடத்துல இன்னைக்கு யார் உக்காந்திருந்தா?" மூன்றாவது வரிசை, நடைபாதை ஓரம். முன்பெல்லாம் சும்மா ஒரு பெயரைச் சொல்லிவிடலாமா என்று தோன்றும். இப்போது பார்த்துவிட்டுத்தான் போகிறேன். அங்கே உட்காருகிறவரிடம் போய்ப் பெயர் கேட்கிறேன். போன மாதம் அங்கே உட்கார்ந்திருந்தது உங்களைப் போலப் புதிதாக வந்த ஒரு பெண். பெரியவர் இப்போது அவருடைய பெயரைச் சொல்லிச் செபிக்கிறார். அந்தப் பெண்ணும் இரண்டு வாரமாக என்னோடு அந்த வீட்டுக்கு வருகிறார்.

கேள்வி: வீட்டிலிருந்தே கடவுளுக்கு நன்றி சொல்லலாமே? அதற்குக் கோவில் எதற்கு?

வீட்டிலும் சொல்லுங்கள், தினமும் சொல்லுங்கள். ஆனால் லூக்கா நற்செய்தியில் குணமான பத்துத் தொழுநோயாளர்களை நினைத்துப் பாருங்கள். மற்ற ஒன்பது பேரும் மனதுக்குள் நன்றி சொல்லியிருக்கலாம். அவர்கள் கெட்டவர்கள் என்று நற்செய்தி சொல்லவில்லை. குருக்களிடம் போய்க் காட்டுங்கள் என்று இயேசு சொன்னபடிதான் போனார்கள். ஒருவர் மட்டும் போன வழியே நடந்து திரும்பி வந்தார், உரத்த குரலில் புகழ்ந்தார், காலில் விழுந்தார். அவருடைய நன்றியில் கால் இருந்தது, குரல் இருந்தது, மற்றவர்கள் பார்க்கும்படி இருந்தது. அதனால்தான் அது நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. என் பக்கத்தில் உட்கார்ந்த அந்த அம்மா வீட்டிலேயே நன்றி சொல்லியிருந்தால் எனக்குக் கேட்டிருக்காது.

கேள்வி: என் எட்டு வயது மகள் கேட்கிறாள்: "நாம தேங்க்ஸ் சொல்லலன்னா கடவுள் கோவிச்சுக்குவாரா? அவருக்கு அது தேவையா?" என்ன பதில் சொல்வது?

மகளிடம் சொல்லுங்கள், அவருக்குத் தேவையில்லை. திருப்பலிப் புத்தகத்தில் வார நாள்களுக்கான தொடக்கவுரை (பூசையின் நன்றிச் செபம் தொடங்கும் பகுதி) ஒன்றிலேயே அது இருக்கிறது. எங்கள் புகழ்ச்சி உமக்குத் தேவையில்லை, ஆனாலும் நாங்கள் நன்றி சொல்வதே நீர் தந்த கொடைதான் என்ற பொருளில் அந்தச் செபம் போகிறது. நாம் புகழ்வதால் அவருக்கு ஒன்றும் கூடுவதில்லை, நமக்குத்தான் நன்மை. கோபித்துக்கொள்கிற கடவுளை அவளுக்கு அறிமுகப்படுத்தாதீர்கள்.

முதல் நன்மைக்கு, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்க, தயாராகும் பிள்ளைகளிடம் நான் ஒரு பயிற்சி வைப்பேன். கடவுளுக்கு எதற்காக நன்றி என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் அப்பா, அம்மா, சாப்பாடு என்று மனப்பாடமாகச் சொல்லிவிடும். அதனால் பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்காக நன்றி சொல்லச் சொல்வேன், காரணத்தோடு. ஒரு முறை, வகுப்பில் யாரோடும் பேசாத ஒரு பையன். அவனுக்காக நன்றி சொல்ல வேண்டிய சிறுமி வெகுநேரம் யோசித்தாள். எனக்கே உள்ளுக்குள் பதற்றம், ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று. கடைசியில், "இயேசுவே, நான் லேட்டா வந்தப்ப இவன் தள்ளி உக்காந்து இடம் குடுத்தான், நன்றி" என்றாள். அந்தப் பையன் திரும்பி, தான் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்தான்.

இன்று இரவு உங்கள் மகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். யாருக்காக, எதற்காகச் சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.